நொடித்துப்போன ஆறு நிமிடம்

பிளக்கைப் பிடுங்குங்கள்.
முப்பது எண்ணுங்கள்.
மறுபடி செருகுங்கள்.

மரிபோர் நகரத்தில், மூன்றாம் மாடியில்,
என் மேசைமேல் ஒட்டியிருக்கும் தாளின் முதல் வரி இது.
பெரும்பாலும் கடைசி வரியும் இதுதான்.
யார் அழைத்தாலும், எது கெட்டிருந்தாலும்
பாதி நோய் இதிலேயே தீர்ந்துவிடும்.

அந்தப் பிப்ரவரியில் தீரவில்லை.

"உங்கள் அடுப்பு பொய் சொல்கிறது"
என்றார் ப்துய் ஊரிலிருந்து ஸால்கா அம்மாள்.
சூட்டில் குறையில்லை. கடிகாரம்தான்,
கதவுக்கு மேலே பச்சை எழுத்தில் மணி காட்டுமே, அது.
கைப்பேசி ஏழு பத்து என்றால்
மின்னடுப்பு ஏழு ஆறு என்கிறதாம்.
பிடுங்கினார்.
என் காதுக்குள் சத்தமாக முப்பது எண்ணினார்,
பதினேழில் ஒரு தும்மல்.
செருகியதும் நான்கு பூஜ்யங்கள் கண்சிமிட்டின.
சரியான மணியை வைத்துக்கொண்டார்.
அடுத்த வாரம் மறுபடி மணி அடித்தது:
"ஒரு நிமிடத்தைக் காணோம்."

பிறகு ட்செல்யே நகரத்து ஓட்டுநர் போகோமிர்.
தலைமாட்டு ரேடியோ அவரை ஐந்து நிமிடம் தாமதமாக எழுப்ப,
முதல் பேருந்துக்குப் பனியில் நின்றவர்கள்
அவருடைய பரம்பரை முழுவதையும் விசாரித்திருக்கிறார்கள்.
பிறகு, முட்டை மூன்று நிமிடமா மூன்றரையா என்று
மூச்சுவாங்கக் கேட்ட மாணவி.

எங்கள் மேலாளர் யெர்னெய் மூன்று அடுப்புகளைப் பிரித்து
வயிற்றைக் குடைந்து பார்த்தார்.
ஒன்றுமில்லை.
போட்டிக் கம்பெனி அடுப்பும் பிந்துகிறது என்று
கேள்விப்பட்ட அன்று
எல்லோருக்கும் கேக் வாங்கிக்கொடுத்தார்.

மார்ச்சில்தான் செய்தித்தாள் சொன்னது.
இந்தக் கடிகாரங்களுக்குச் சொந்தமாக நாடித்துடிப்பு கிடையாது.
சுவருக்குள் வரும் மின்சாரம்
நொடிக்கு ஐம்பது முறை அலையடிக்கும்.
அவை அதை எண்ணும்.
ஐம்பது வந்தால் ஒரு நொடி.
அவ்வளவுதான் அவற்றின் படிப்பு.
தெற்கே எங்கோ இரண்டு தரப்புக்கு வரவுசெலவில் தகராறு;
போட வேண்டிய மின்சாரத்தைப் போடாமல் விட,
கண்டம் முழுக்க சுழலிகள்
மயிரிழை தளர்ந்து சுற்றின.
நாளுக்கு ஏழு நொடி.
ஏழு நொடியை யார் தேடுவார்கள்?
ஐம்பது நாளில் ஆறு நிமிடம்.
இருபத்தைந்து நாடுகளின் அடுக்களைகளில்
நொடிகள் நொடித்துப்போயின.

"அந்த ஆறு நிமிடம் இப்போது யாரிடம் இருக்கிறது?"
என்று கேட்டார் ஸால்கா அம்மாள்.
தாளைப் பார்த்தேன்.
முப்பது எண்ணுங்கள் என்றது.

வீட்டில் நெஷா, ஞாயிறுதோறும்
படுக்கையறைக் கடிகாரத்தைத் திருத்திவைப்பாள்.
அடுக்களைக் கடிகாரம் என் பொறுப்பு,
ஆகவே அதை யாரும் தொடவில்லை.

ஏப்ரலில் சுழலிகளை ஒரு பொட்டு வேகமாக ஓட்டி
கடனைக் கட்டிவிட்டார்கள், வட்டியில்லாமல்.
என் சோம்பலின் கடிகாரம் கச்சிதமாக மணி காட்டியது.
நெஷாவின் கடிகாரம் ஆறு நிமிடம் முந்தி ஓடியது.
அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.
சிரித்ததுதான் தப்பு.

மறுபடி அழைப்புகள்.
இப்போது போகோமிர் போய்ச் சேரும்போது
டிப்போ பூட்டியிருக்கிறது.
திருத்தியவர்கள் எல்லோரும் அழைத்தார்கள்,
ஸால்கா அம்மாளைத் தவிர.
நானே கூப்பிட்டேன்.

"முந்தித்தான் ஓடுகிறது. விட்டுவிட்டேன்" என்றார்.
"ரொட்டியை உள்ளே வைப்பது கைப்பேசி மணிக்கு,
வெளியே எடுப்பது அடுப்பு மணிக்கு.
இத்தனை வருஷமாகக் கருகியது,
இப்போது கருகுவதில்லை."

பதிவேட்டில் 'தீர்ந்தது' என்று குறித்தேன்.
பக்கத்துக் கட்டத்தில் 'நேரம்' என்று இருந்தது.
கை கொஞ்சம் நின்றது.